மூன்று டயர் தள்ளி

ஒரு திங்கட்கிழமை காலை, வாய் நிறையப் பற்பசை நுரையோடு கண்ணாடி முன் நின்றபடி, அவர் ஒரு மாபெரும் தீர்மானத்துக்கு வந்தார். இன்றிலிருந்து வாழ்க்கையில் எல்லாமே துல்லியம். நுரையைத் துப்பினார். அது தொட்டிக்குள் விழாமல் குழாயின் தலையில் விழுந்தது. சரி, நாளையிலிருந்து என்று தீர்மானத்தைத் திருத்திக்கொண்டார்.

ஆளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தொழில், மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்கு வருகிறவர்களின் கண்ணை இம்மி பிசகாமல் அளந்து கண்ணாடி போட்டு அனுப்புவார். ஆறு வருஷத்துக்கு முன்னால், மற்றவர்களுக்கு முழங்கால் வலி வருகிற நாற்பத்தைந்து வயதில், இவருக்கு ஆகாய ஆசை வந்தது. ஊருக்கு வெளியே உள்ள பறக்கும் கழகத்தில் சேர்ந்து, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்தை ஓட்டக் கற்றுக்கொண்டு, உரிமமும் வாங்கிவிட்டார். அன்றோடு கடைக்காரர் போய் வேறு ஒருவர் வந்துவிட்டார். எழுத்துப் பலகையில் கடைசி வரி தெரியவில்லை என்று யாராவது சொன்னால், "ஐயாயிரம் அடியிலேர்ந்து நான் உங்க மொட்டைமாடியில காயற துணியை எண்ணுவேன்" என்பார். தெரு அவருக்குப் பைலட் என்று பெயர் வைத்தது. கேலியாகத்தான் வைத்தது. அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். நாமும் அப்படியே கூப்பிடுவோம், மனசு நோகவேண்டாம்.

தீர்மானத்துக்குக் காரணம் முந்தின நாள் நடந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, உரிமம் உள்ளவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பறந்து பார்ப்பது கழகத்தின் வழக்கம். பைலட்டோடு பறந்தவர் தலைமைப் பயிற்சியாளர். முப்பது வயதுகூட ஆகாத பெண். குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தியிருந்தால் தேவலை என்று கேட்கிறவர்களுக்குத் தோன்றும். தரை இறங்கியதும் கழகத்து வராந்தாவில் ஒரு தேநீரைப் பைலட் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுப் பேச்சை ஆரம்பித்தார்.

"சார், நீங்க ஓட்டறதுல ஆபத்துன்னு ஒண்ணும் இல்லை."

"தேங்க்ஸ் மேடம்."

"இன்னும் இல்லைன்னு சொல்றேன். இரண்டாயிரம் அடியில பறங்கன்னு சொன்னேன். எங்க பறந்தீங்க?"

"இரண்டாயிரத்துலதான்."

"ஆயிரத்து எண்ணூறுலேர்ந்து இரண்டாயிரத்து முந்நூறு வரைக்கும்."

"சராசரி எடுத்துப் பாருங்க மேடம்."

பயிற்சியாளர் சராசரி எடுக்கவில்லை. தன் தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"கிளம்பறதுக்கு முன்னாடி சரிபார்க்கற பட்டியலை வாய்விட்டுப் படிக்கணும். படிச்சீங்களா?"

"எல்லாம் மனசுல இருக்கு."

"ஆமா சார். அதனாலதான் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாக்கறதும் மனசுலயே நடந்துபோச்சு."

மூன்றாவது குற்றச்சாட்டு இறங்குவது பற்றியது. அதற்கு அந்த ஓடுபாதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அது புல்தரை. இரண்டு ஓரத்திலும் ஐம்பது அடிக்கு ஒன்றாக, வெள்ளையடித்த பழைய டயர்களைப் பதித்திருப்பார்கள். பாதைக்குக் குறுக்கே ஒரு வெள்ளைத் துணிப்பட்டையை விரித்து நான்கு முளை அடித்திருப்பார்கள். அதுதான் கோடு. கோட்டைத் தாண்டி ஒரு டயர் தூரத்துக்குள் விமானம் தரையைத் தொடவேண்டும். கோட்டுக்கு முன்னால் ஒரு சாண் இருக்கும்போது தொட்டாலும் செல்லாது. அப்போது கோடு ஐந்தாவது டயருக்கு நேரே இருந்தது. பைலட் எட்டாவது டயருக்கு நேரே இறங்கினார்.

"இவ்வளவு பெரிய மைதானத்துல மூணு டயர் ஒரு தூரமா மேடம்?"

"மைதானம் பெரிசு சார். பழக்கம் சின்னதா இருக்கக் கூடாது. நாலு வாரம் டைம் தரேன். நாலாவது ஞாயித்துக்கிழமை டெஸ்ட். உயரம் நூறு அடிக்கு மேல பிசகக் கூடாது. பட்டியலைப் படிக்கணும். கோட்டுல இறங்கணும். இல்லைன்னா ஆறு மாசத்துக்குத் தனியாப் பறக்க முடியாது. நான் பக்கத்துல உக்காந்து வருவேன்."

பைலட்டுக்கு வியர்த்தது. வராந்தாவில் ஓய்வுபெற்ற ஆசாமிகளெல்லாம் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, இறங்குகிற ஒவ்வொரு விமானத்துக்கும் மார்க் போடுவார்கள். அவர்கள் முன்னால், மகள் வயசுப் பெண் பக்கத்தில் உட்கார, அரிச்சுவடி மாணவனைப் போலப் பறப்பதா? அதற்குப் பேசாமல் மூக்குக்கண்ணாடியை மட்டுமே விற்றுக்கொண்டு செத்துப்போகலாம்.

கிளம்பும்போது பயிற்சியாளர் ஒரு யோசனை சொன்னார். வீட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, விமானத்தில் செய்வதையெல்லாம் வரிசை மாறாமல் செய்து பழகினால் கை தானாகப் படியும். பெரிய விமானிகள்கூடச் செய்வதுதான். பைலட்டுக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. அதில் இறங்கவே தேவையில்லை.

நாற்காலி இருந்தது. அதைப் போட அறைதான் இல்லை. இருந்த ஒரே உபரி அறை மனைவியின் தையல் அறை.

மனைவி அந்தத் தெருவில் பெயரெடுத்த தையல்காரி. அளவு நாடா இல்லாமலே, வாசலில் நுழைகிற ஆளைப் பார்த்து இடுப்பளவு சொல்லக்கூடியவள். பைலட் தீர்மானத்தோடு அறைக்குள் நுழைந்தபோது அவள் வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு ஒரு பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த அறை எனக்கு வேணும்."

"எதுக்கு?" என்றாள் குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து.

"பறக்க."

அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள்.

"ஜன்னல் வழியாவா?"

"நாற்காலியில உக்காந்து, கண்ணை மூடி, மனசால பறக்கறது. பயிற்சி. உனக்குப் புரியாது."

"ஏன் புரியாது? நாற்காலியில உக்காந்து கண்ணை மூடறதைத்தான் ஆறு வருஷமா ஹால்ல செஞ்சுக்கிட்டிருக்கீங்களே."

"இது உரிமப் பிரச்சினை. மானப் பிரச்சினை."

"எனக்கு நாப்பது சீருடைப் பிரச்சினை. பள்ளிக்கூடம் திறக்க அஞ்சு வாரம் இருக்கு. வீட்டுல வெளிச்சம் வர்ற ஜன்னல் இது ஒண்ணுதான். ஊசியில நூலை நான் மனசால கோக்க முடியாது."

பைலட் விடவில்லை. கெஞ்சினார். கோபித்தார். இரண்டும் பலிக்காமல் சாப்பிடமாட்டேன் என்றார், அரை மணி நேரம் சாப்பிடாமலும் இருந்தார். கடைசியில் அவள் ஒரு வழிக்கு வந்தாள்.

"நாலு வாரம் எடுத்துக்கோங்க. நான் சாப்பாட்டு மேஜையில சின்ன மெஷினை வெச்சுத் தைச்சுக்கறேன். டெஸ்ட்ல பாஸ் பண்ணிட்டீங்கன்னா அறை ஆயுசுக்கும் உங்களுக்கே. ஃபெயிலானா?"

"ஆக மாட்டேன்."

"பேச்சுக்குச் சொல்லுங்க."

"ஃபெயிலானா அறையைக் காலி பண்ணி, எல்லாத்தையும் நானே பழைய இடத்துல வெச்சுடறேன்."

"நீங்களே?"

"நானே."

"தனியா?"

"தனியா. போதுமா?"

அவள் துணியில் குறி வைக்கும் சாக்பீஸ் துண்டை எடுத்து அலமாரிக் கதவில் அதை எழுதி வைத்தாள். கீழே கையெழுத்துப் போடச் சொன்னாள். பைலட் பெரிதாக, இறக்கை வைத்துப் போட்டார்.

அன்றே விமானம் தயாரானது. விமானத்தின் வாலைத் திருப்ப இரண்டு காலாலும் மிதிக்கிற மிதிகள் உண்டு. அதற்கு மனைவியின் பெரிய தையல் மெஷினின் கால்மிதி. இரும்புக்கால் வைத்த அந்த மெஷினை ஜன்னலோரத்திலிருந்து அறையின் நடுவுக்கு இரண்டு பேரும் மூச்சுவாங்க இழுத்துப் போட்டார்கள். கைப்பிடிக்குக் குடை. உயரம் காட்டும் கருவிக்குச் சமையலறைத் தராசு. சரிபார்க்கும் பட்டியல், வாடிக்கையாளர்கள் உடை போட்டுப் பார்க்கும் நிலைக்கண்ணாடியில். இஞ்சின் சத்தத்துக்கு அவர் வாயே இருந்தது, அது எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

வீடு படாதபாடு பட்டது. சாப்பாட்டு மேஜையில் தட்டுக்கு இடமில்லை. சோற்றில் பித்தான் வந்தது. பைலட் காலையில் ஒரு சுற்று, கடை மூடியதும் ஒரு சுற்று பறந்தார். ஒருநாள் சீருடைக்கு அளவு கொடுக்க மகளோடு வந்த ஓர் அம்மாள், பழைய ஞாபகத்தில் தையல் அறைக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரு பெரிய மனிதர் குடையைத் தொடைகளுக்கு நடுவே பிடித்து, கண்ணை மூடி, "இஞ்சின் நின்னுபோச்சு, இஞ்சின் நின்னுபோச்சு, கீழே வயல் தெரியுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"வீட்டுக்காரருக்கு எத்தனை நாளா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"ஆறு வருஷமா" என்றாள் மனைவி, குழந்தையின் தோளை அளந்தபடி.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பயிற்சி பலித்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை பைலட் விமானத்தைச் சுற்றி வந்து பட்டியலை வரி வரியாகப் படித்தார். பெட்ரோல் மூடியைக் கையாலேயே திறந்து பார்த்தார். உயரம் நூற்றைம்பது அடிக்குள் நின்றது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எண்பது அடிக்குள் நின்றது. இறங்குவது மட்டும் மாறவே இல்லை. ஐந்தாவது டயரைக் குறி வைப்பார், எட்டாவது டயரில் இறங்குவார்.

மனைவி சீருடைகளைக் கையோடு கொண்டுவந்து, வேலியோரம் மரநிழலில் உட்கார்ந்து ஓரம் அடித்துக்கொண்டே பார்த்தாள்.

"ஏழு தடவை இறங்கினீங்க. ஏழு தடவையும் மூணு டயர் தள்ளி."

"நீ துணியைப் பாரு."

"துணியாத்தான் பாக்கறேன். ஏழு சட்டையும் ஒரே இடத்துல பிடிச்சா, தப்பு கத்தரிக்கோல்ல இல்லை, அளவுல. அந்த சீட்டைப் போய்ப் பார்த்தேன். பஞ்செல்லாம் அமுங்கிக் குழியாக் கிடக்கு. உங்க உயரத்துக்கு ரெண்டு இஞ்ச் பத்தலை. உக்காந்தா விமானத்தோட மூக்குக்கு மேல உங்களுக்கு என்ன தெரியுது?"

"ஆகாயம். பைலட்டுக்கு அதுதான் தெரியணும்."

"இறங்கும்போதுமா?"

பைலட் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. உண்மையில் நடந்தது இதுதான். குழியான இருக்கையில் தாழ உட்கார்ந்ததால், இறங்கும்போது விமானத்தின் மூக்கு கோட்டை மறைத்தது. கோட்டைப் பார்ப்பதற்காக அவர் தன்னையறியாமல் மூக்கைத் தாழ்த்துவார். தாழ்த்தினால் வேகம் கூடும். வேகம் கூடினால் விமானம் தரையில் உட்காராது, மேலே மிதந்துகொண்டே மூன்று டயர் தாண்டிப் போகும். கடையில் யாராவது நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தால், "நேரா உக்காருங்க, அளவு தப்பும்" என்று அதட்டுகிறவர் இவர்தான்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் மூன்று டயர் தள்ளித்தான். வீடு திரும்பும்போது காரில் அவள் சொன்னாள், "அறை போனாப் போகுது. இங்க மூணு டயர் தள்ளிப் புல்லு இருக்கு. வேற எங்கயாவது போய் இறங்கும்போது மூணு டயர் தள்ளி என்ன இருக்கும்? பள்ளமோ சுவரோ யாருக்குத் தெரியும்? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அறையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

பைலட் நல்ல பதிலாக ஏதாவது சொல்ல நினைத்தார். "ஆகாயத்துல போறவனைப் பார்த்து ரோட்டுல போறவங்க பயப்படறது சகஜம்" என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வாரம் அவள் ஏதோ தடித்த துணியில் பஞ்சு அடைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடிப் பறந்துகொண்டிருக்கும்போது வந்து, நாற்காலியிலிருந்து அவர் புருவம் வரைக்கும் நாடாவைப் பிடித்து அளந்தாள். டெஸ்டுக்குப் புதுச் சட்டை தைக்கிறாள் என்று அவர் பூரித்துப்போனார். புருவம் வரைக்கும் எந்த ஊரில் சட்டை தைக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை.

சனிக்கிழமை அவருக்கு அந்த யோசனை உதித்தது. பட்டியல் கைவசம். உயரம் கைவசம். இறங்குவது மட்டும்தான் இடிக்கிறது. ஆனால் இடிப்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறதே. ஏழு தடவையும் மூன்று டயர், பிறகு மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நான்கு தடவையும் மூன்று டயர். தப்பு செய்வதில் அவரைப்போலத் துல்லியமான ஆள் அந்தக் கழகத்திலேயே கிடையாது. புல் தேயாமலிருக்கத் துணிப்பட்டையை அவ்வப்போது இடம் மாற்றிப் போடுவது மைதானக் காவலரின் வழக்கம், அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. பிறகென்ன? நாம் கோட்டுக்குப் போனால் என்ன, கோடு நம்மிடம் வந்தால் என்ன? எட்டாவது டயருக்கு நேரே அதை விரித்துவிட்டு, வழக்கம்போல ஐந்தாவது டயரைக் குறிவைத்து வந்தால், விமானம் தானாக மிதந்துபோய்க் கோட்டில் உட்காரும். தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது. இப்படிப்பட்ட மூளையை மூக்குக்கண்ணாடிக் கடையில் வைத்து வீணடிக்கிறோமே என்று வருத்தமும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பொழுது புலர்வதற்குள் மனைவியை எழுப்பிக் கிளப்பினார்.

"எட்டு மணிக்குத்தானே டெஸ்ட்?"

"சீக்கிரம் போனா காத்து அடங்கியிருக்கும்."

மைதானத்தில் ஈ காக்கை இல்லை. புல்லெல்லாம் பனி. காரை வேலியோரம் நிறுத்தினார்.

"நீ இறங்காதே. பனி ஒத்துக்காது. நான் ஓடுபாதையை ஒரு பார்வை பார்த்துட்டு வரேன். நல்ல பழக்கம்."

"போயிட்டு வாங்க" என்றாள். மடியில் அந்தத் தடித்த துணி. கடைசி ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

பைலட் குனிந்து ஓடினார். முளைகள் பிடிவாதமாக இருந்தன. ஒவ்வொன்றாக ஆட்டிப் பிடுங்கினார். ஈரத்தில் நனைந்த துணிப்பட்டை அவர் எடையில் பாதி இருந்தது. அதைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு, டயர்களை எண்ணி, ஆறு, ஏழு, எட்டு என்று போய் விரித்து, முளைகளைச் செருப்புக்காலால் மிதித்து இறக்கினார். இடையில் இரண்டு தடவை கார் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் தலை குனிந்தபடியே இருந்தது. மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது, காரின் முன்கண்ணாடியில் படிந்திருந்த பனியை அவள் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தாள். தைக்க வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"பாதை எப்படி இருக்கு?" என்றாள்.

"இருக்கவேண்டியது இருக்கவேண்டிய இடத்துல இருக்கு."

அவள் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, மடியில் இருந்ததை நீட்டினாள். அழகான நீலத்துணியில் ஒரு மெத்தை. சரியாக இரண்டு இஞ்ச் கனம்.

"இதை சீட்டுல போட்டு உக்காந்துக்கோங்க. ஒரு வாரமாத் தைச்சேன்."

வேறொரு நாளாக இருந்தால் அவர் ஒரு சொற்பொழிவே நிகழ்த்தியிருப்பார். ஆனால் ஜெயிக்கப்போகிறவர்களுக்குத் தாராள குணம் தானாக வரும். "கொடு, கொடு, உன் ஆசையை ஏன் கெடுக்கணும்" என்று பெரிய மனதோடு வாங்கிக்கொண்டார்.

எட்டு மணிக்கு வராந்தா நிறைந்துவிட்டது. பயிற்சியாளர் குறிப்பேட்டோடு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மெத்தையைப் பார்த்தார்.

"நல்ல காரியம் சார். இத்தனை நாளா ஏன் செய்யலை?"

"எல்லாம் பழக்கம் மேடம்" என்றார் பைலட், கேள்வியைக் கவனிக்காமல்.

பட்டியலைக் கணீரென்று படித்தார். ஒரு வரி விடவில்லை. மேலே போனதும் முள் இரண்டாயிரத்தில் ஒட்டிவைத்ததுபோல நின்றது. நாற்பது அடிக்கு மேல் பிசகவில்லை. பயிற்சியாளர் குறிப்பேட்டில் ஏதோ எழுதி, தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் நாலு வாரம் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அதைத்தான் விடியற்காலையிலேயே முடித்தாகிவிட்டதே.

இறங்கத் திரும்பினார். பாதை நீளமாக முன்னால் விரிந்தது. ஐந்தாவது டயரைக் குறிவைத்தார். அது மூக்குக்கு மேலே, கண்ணுக்கு நேரே பளிச்சென்று தெரிந்தது. எட்டிப் பார்க்கத் தேவைப்படவில்லை. மூக்கு தாழவில்லை. வேகமுள் இருக்கவேண்டிய இடத்தை விட்டு அசையவில்லை. ஆஹா, என்ன ஒரு நேர்த்தி என்று தன்னையே மெச்சிக்கொண்டார். தரை நெருங்கியது. விமானத்தை நிமிர்த்தினார். சரி, இனி வழக்கம்போல மிதக்கவேண்டியதுதான்.

விமானம் மிதக்கவில்லை. வேகம் கூடியிருந்தால்தானே மிதக்கும்? ஒரு சத்தமில்லை, ஒரு குலுங்கல் இல்லை. ஐந்தாவது டயருக்கு நேரே, தூங்கும் குழந்தையைக் கட்டிலில் கிடத்துவதுபோல, தானாக உட்கார்ந்துவிட்டது.

"போ, போ, இன்னும் கொஞ்சம் போ" என்றார் பைலட் வாய்விட்டு.

"எங்க சார்?" என்றார் பயிற்சியாளர்.

தூரத்தில், எட்டாவது டயருக்கு நேரே, துணிப்பட்டை வெயிலில் வெள்ளைவெளேரென்று தெரிந்தது. விமானம் சாவகாசமாக உருண்டுபோய் அதன்மேல் ஏறி இறங்கியது. வராந்தாவில் ஒருவர் கைதட்ட ஆரம்பித்து, கோட்டைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இஞ்சின் நின்றதும் பயிற்சியாளர் குறிப்பேட்டை மூடினார்.

"சார், ஆறு வருஷத்துல நீங்க இறக்கினதுலயே இதுதான் சுத்தமானது. என் மாணவர்களுக்கு இதைத்தான் காட்டணும்னு தோணுச்சு."

"தேங்க்ஸ் மேடம்."

"ஆனா கோட்டுக்கு மூணு டயர் முன்னாடி. செல்லாது."

பைலட் கோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"மேடம், போன வாரம் கோடு அஞ்சாவது டயர்லதானே இருந்துச்சு?"

"ஆமா. நானும் காலையில பார்த்தேன், மாறியிருக்கு. யார் மாத்தினாங்கன்னு காவலரைக் கூப்பிட்டு விசாரிக்கட்டுமா சார்? தப்பா மாத்தியிருந்தாங்கன்னா உங்களைப் பாஸ் பண்ணிடலாம். சொல்லுங்க, இப்பவே கூப்பிடறேன்."

அவர் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஐந்து விநாடிகள் வந்ததில்லை. ஒரு வார்த்தை சொன்னால் தனியாகப் பறப்பது உண்டு, அறை உண்டு, வராந்தாவின் கைதட்டல் உண்டு. ஆனால் காவலர் நான் மாற்றவில்லை என்பார். அப்புறம் யார் என்ற கேள்வி வரும். பைலட்டின் செருப்பில் பனியும் புல்லும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"வேண்டாம் மேடம். கோடு எங்க இருக்கோ அங்கதானே இறங்கணும்."

"ரொம்பச் சரி சார். அடுத்த ஞாயித்துக்கிழமையிலேர்ந்து நான் வரேன். ஆறு மாசம்."

கீழே இறங்கியதும் பயிற்சியாளர் நேராக மனைவியிடம் போனார். அந்த மெத்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கழகத்தின் மற்ற விமானங்களுக்கும் இதேபோல ஆறு வேண்டும் என்றார்.

"தைச்சுடலாம்மா. இன்னிக்கு சாயந்தரத்துலேர்ந்து அறை கிடைச்சுடும்" என்றாள் மனைவி.

வீடு வந்தார்கள். தையல் அறைக்குள் நுழைந்ததும் பைலட் குடையை மூலையில் எறிந்தார். நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

"எல்லாம் உன் மெத்தையால வந்தது."

"மெத்தை என்ன பண்ணுச்சு? எப்பவும் எங்க இறங்கணுமோ அங்க இறங்க வெச்சது. நீங்க பாஸ் பண்ணணும்னுதான் தைச்சேன். அறை போனாலும் நீங்க நல்லபடியா இறங்கினாப் போதும்னு நினைச்சேன். கோடு மட்டும் பழைய இடத்துலயே இருந்திருந்தா இந்நேரம் இந்த அறை உங்களுது."

அது உண்மை என்பதுதான் அவரைக் கொன்றது. ஒன்றுமே செய்யாமல் பேசாமல் தூங்கியிருந்தால் ஜெயித்திருப்பார்.

"பாவம், யாரு மாத்தினாங்களோ" என்றாள் அவள், தராசை எடுத்துச் சமையலறையில் வைக்கப் போனபடி.

திரும்பி வந்து அலமாரிக் கதவில் இறக்கை வைத்த கையெழுத்தைத் தொட்டுக் காட்டினாள். பைலட் எழுந்தார். தையல் மெஷினின் இரும்புக்காலைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினார். அது அசையவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அன்னிக்கு நீயும் ஒரு கை பிடிச்சே. இதை ஜன்னல் வரைக்கும் ஒரு ஆளு தனியா எப்படி நகர்த்தறது?"

அவள் மூன்று குண்டூசியை எடுத்து வாயில் வைத்துக்கொள்ளப் போனவள், ஒரு நிமிஷம் நிறுத்தினாள்.

"ஏங்க, விடியறதுக்குள்ள அவ்வளவு ஈரத்துணியை மூணு டயர் தூரம் தனியாத்தானே நகர்த்தினீங்க?"